கலவையும் கரைசலும்: தொடக்கப்பள்ளி அறிவியலில் இரு சொற்களின் வரலாறு

முன்னுரை

தொடக்கப்பள்ளி அறிவியலில் 'கலவை' என்பது சிறியதொரு பாடம். மலேசியாவில் 2017ஆம் ஆண்டு முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டத்தின்படி, தமிழ்ப்பள்ளி மாணவர் இதனை இரண்டாம் ஆண்டில், எட்டு வயதில் பயில்கின்றனர். மணலையும் ஆணியையும் காந்தத்தால் பிரிப்பது, அரிசியையும் மாவையும் சல்லடையால் பிரிப்பது, உப்பும் சர்க்கரையும் நீரில் கரைவதையும் மணல் கரையாமல் அடியில் தங்குவதையும் உற்றறிவது ஆகிய எளிய செயல்களே பாடத்தின் உள்ளடக்கம். சில பாடவேளைகளில் முடிந்துவிடும் இதற்கு ஒரு வரலாறு உண்டா என்னும் ஐயம் எழுதல் இயல்பே.

ஆயினும், இப்பாடத்தின் மையமாக நிற்கும் 'கலவை', 'கரைசல்' என்னும் இரு சொற்களைப் பின்தொடர்ந்து சென்றால், தமிழில் அறிவியல் கற்பிக்கும் முயற்சியின் நெடிய வரலாறே நம்முன் விரிகின்றது. யாழ்ப்பாணத்து மருத்துவக் கல்வி, தமிழகத்துச் சொல்லாக்க மாநாடு, இலங்கையின் கல்விமொழி மாற்றம், மலேசியாவின் ஆங்கிலவழித் திட்டம் எனப் பல நிகழ்ச்சிகள் இவ்விரு சொற்களையும் தொட்டுச் சென்றுள்ளன. இக்கட்டுரையில், கலவை, கரைசல் பற்றிய கருத்து தெளிவுபெற்ற வரலாற்றையும், அக்கருத்துக்குத் தமிழில் சொல் அமைந்த முறையையும், அச்சொற்கள் நம் வகுப்பறையில் ஆற்றும் பணியையும் அடைவே காண்போம். இவ்வரலாறு இன்றைய ஆசிரியருக்கு என்ன பயன் தரும் என்பதே நம் ஆய்வின் அடிப்படை வினா ஆகும்.

ஐரோப்பிய வேதியியலில் கருத்து தெளிந்த வரலாறு

கலவையில் கலந்த பொருள்கள் தத்தம் பண்பை இழப்பதில்லை. அவற்றை எந்த அளவிலும் கலக்கலாம். எளிய முறைகளால் மீண்டும் பிரிக்கலாம். சேர்மத்தில் தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்திலேயே கூடுகின்றன. கூடியபின் புதிய பண்பு தோன்றுகின்றது. இன்று பாடநூலின் ஒரு பத்தியில் அடங்கிவிடும் இவ்வேறுபாட்டை ஐரோப்பிய வேதியியலார் ஐயமறத் தெளிவதற்கு நெடுங்காலம் பிடித்தது.

1661இல் இராபர்ட் பாயில் நாற்பூதக் கொள்கையைக் கேள்விக்கு உட்படுத்திய நூலை வெளியிட்டார். ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் கரைசலின் இடம் எது என்பது தீர்க்கப்படவில்லை. பிரெஞ்சு வேதியியலாரான பெர்தொலே, பொருள்கள் கூடும் விகிதம் சூழலுக்கேற்ப மாறக்கூடியது என வாதிட்டார். உப்பு நீரில் கரைவதையும் அவர் வேதியியல் கூட்டத்தின் ஒரு வகையாகவே கருதினார். அவர் காலத்தவரான புரூஸ்ட் இதனை மறுத்தார். சேர்மத்தின் விகிதம் மாறாதது. விகிதம் மாறுமாயின் அது கலவையே என்பது அவர் நிலைப்பாடு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய இவ்விவாதம், ஜான் டால்டனின் அணுக்கொள்கை நூல் 1808இல் வெளிவந்த காலத்தை ஒட்டிப் புரூஸ்டின் பக்கம் சாய்ந்தது.

அதன்பின்னும் கரைசல் முழுமையாக விளங்கிவிடவில்லை. 1861இல் தாமஸ் கிரகாம், கரைந்ததுபோல் தோன்றினும் நுண்சவ்வின் வழியே உப்பைப்போல் எளிதில் ஊடுருவாத பொருள்களைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். இன்று நாம் கூழ்மம் என வழங்குவது அதுவே. 1880களில் அரீனியஸ், உப்பு நீரில் கரையும்போது மின்னூட்டம் பெற்ற அயனிகளாகப் பிரிகின்றது என்னும் கொள்கையை முன்வைத்தார். அக்கொள்கை தொடக்கத்தில் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது.

இவ்வரலாறு ஆசிரியருக்குக் கூறுவது ஒன்றுண்டு. 'உப்பு நீரில் கரைந்தால் புதிய பொருள் உண்டாகிறதா?' என ஒரு மாணவன் வினவுவானாயின், அவ்வினாவை அறியாமை என ஒதுக்கிவிட இயலாது. பெர்தொலே போன்ற பேரறிஞர் ஒருவர் அதே வினாவுக்கு நாம் இன்று ஏற்காத விடையைத் தந்து, அதற்காகப் பல்லாண்டு வாதாடியுள்ளார்.

தமிழ் மரபில் கலத்தலும் பிரித்தலும்

நவீன வேதியியல் தமிழகத்துக்கு வருமுன்னரே கலத்தல், கரைத்தல், பிரித்தல் ஆகிய செயல்கள் தமிழர் வாழ்வில் நுட்பமான சொல்வளத்தோடு விளங்கின. தொல்காப்பிய மரபியல் உலகத்தை ஐம்பூதங்களின் கூட்டமாகக் காண்கின்றது. ஆங்கு அக்கூட்டத்தைக் குறிக்க வரும் சொல் 'மயக்கம்' என்பதாகும். இச்சொல் இலக்கணத்தில் இன்றும் வழங்குகின்றது. மெய்ம்மயக்கத்தில் மெய்கள் ஒன்றையொன்று அடுத்து நின்றும் தம் உருவை இழப்பதில்லை. திணைமயக்கத்தில் ஒரு திணைக்குரியது மற்றொன்றில் வந்து கலப்பினும் இன்னதற்கு உரியது இது எனப் பிரித்தறியலாம். ஆகவே, கூறுகள் தம் இயல்பு கெடாமல் கூடி நிற்றல் என்னும் பொருளுக்குத் தமிழில் பழஞ்சொல் இருந்துள்ளது. எனினும், பேச்சுவழக்கில் 'மயக்கம்' உணர்விழத்தலைக் குறிக்கலாயிற்று. எனவே அறிவியல் தமிழ் அச்சொல்லை விடுத்து, எளிய 'கலவை'யை ஏற்றது பொருத்தமே.

பிரித்தலுக்குரிய சொற்களின் பெருக்கம் மேலும் வியப்பளிப்பது. புடைத்தல், கொழித்தல், தெள்ளுதல், தூற்றுதல், சலித்தல், அரித்தல், வடித்தல், இறுத்தல் என்பன ஒரு பொருட்பன்மொழிகள் அல்ல. முறத்தில் தானியத்தை மேலெழுப்பித் தட்டிப் பதரை நீக்குவது புடைத்தல். காற்றின் துணையால் பதரை விலக்குவது தூற்றுதல். துளையின் அளவால் பிரிப்பது சலித்தல். நீரில் அலசி, கனமான கல் அடியில் தங்க அரிசியை எடுப்பது அரித்தல். தெளிந்த நீரை மட்டும் சாய்த்து எடுப்பது இறுத்தல். எடை, அளவு, அடர்த்தி, கரைதிறன் எனப் பாடநூல் வகுக்கும் பிரிப்பு நெறிகளுள் பெரும்பாலானவை இச்சொற்களில் முன்னரே அடங்கியுள்ளன.

கரைசலுக்கும் கலங்கலுக்கும் உள்ள வேறுபாட்டையும் தமிழ் மரபு அறிந்திருந்தது. கலங்கிய நீரைத் தேற்றாவின் விதையால் தெளியச் செய்யும் வழக்கம் கலித்தொகையில் உவமையாக ஆளப்பட்டுள்ளது. தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலக்கும்போது நீரில் மிதக்கும் நுண்மண் திரண்டு அடியில் படிகின்றது. ஆனால், உப்புநீரைத் தேற்றாங்கொட்டையால் நன்னீராக்க இயலாது. அதற்கு வெயிலும் காலமும் வேண்டும் என்பதை உப்பள மக்கள் அறிவர். நெய்தல் நிலத்து உப்பு விளைவும், உமணர் அதனை வண்டிகளில் ஏற்றிச் சென்ற வாணிகமும் சங்கப் பாடல்களில் பரக்கப் பேசப்படுகின்றன. கரைசலிலிருந்து கரைபொருளை ஆவியாக்கல் முறையில் மீட்டெடுக்கும் தொழில் ஒன்று ஈராயிரம் ஆண்டுகளாக நம் இலக்கியத்தின் பின்புலமாக இருந்து வந்துள்ளது எனலாம்.

தமிழாசிரியர் நன்கறிந்த மற்றொரு சான்றும் ஈண்டு நோக்கத்தக்கது. பவணந்தி முனிவர் நன்னூல் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை மூவகைப்படுத்துகின்றார். தலைமாணாக்கருக்கு அன்னமும், கடைமாணாக்கருக்கு நெய்யரியும் உவமைகளுள் அடங்கும். அன்னம் பாலையும் நீரையும் பிரித்துப் பாலை மட்டும் கொள்ளும் என்பது இலக்கிய மரபு. நெய்யரியோ நெய்யை ஒழுகவிட்டுக் கசடைத் தன்னிடம் நிறுத்திக்கொள்ளும். இவற்றுள் முன்னது கற்பனை. பின்னது அன்றாட உண்மை. வடிகட்டியால் கரையாத கசடைப் பிரிக்கலாம்; பாலில் கலந்த நீரை அத்தகைய வடிகட்டியால் பிரிக்க இயலாது. ஒரே நூற்பாவில் வரும் இவ்விரு உவமைகளையும் அருகருகே வைத்து விளக்கினால், இலக்கண வகுப்பும் அறிவியல் வகுப்பும் ஒன்றுக்கொன்று துணையாகும்.

சொல்லாக்க முயற்சிகள்

நவீன வேதியியலைத் தமிழில் கற்பிக்கும் முயற்சி யாழ்ப்பாணத்தில் முளைவிட்டது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் இலங்கைக்கு வந்து, மானிப்பாயில் தமிழ் மாணவருக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். பின்னர் அக்கல்வியைத் தமிழிலேயே அளிக்கத் துணிந்து, மாணவர் துணையோடு பல நூல்களைத் தமிழாக்கினார். அவ்வரிசையில் வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' என்னும் பெயரோடு 1875இல் வெளிவந்தது. தமிழில் வழக்கிலுள்ள சொல்லை முதலிலும், அது கிடையாதபோது வடசொல்லையும், அதுவும் இயலாதபோது ஆங்கிலச் சொல்லின் ஒலிபெயர்ப்பையும் கொள்ளுதல் அவர் கையாண்ட நெறியாகும். துறையின் பெயரே ஒலிபெயர்ப்பாக நின்றது, அத்துறை தமிழுக்கு எத்துணைப் புதிதாக இருந்தது என்பதைக் காட்டுகின்றது.

தமிழகத்தில் 1916இல் இராஜாஜியும் வெங்கடசுப்பையரும் சேலத்தில் அறிவியற் கலைச்சொற்களுக்கென ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தனர். இராஜாஜி பின்னர்ப் பொதுமக்களுக்காகத் 'திண்ணை இரசாயனம்' என்னும் நூலையும் எழுதினார். திண்ணையில் அமர்ந்து பேசும் அளவுக்கு வேதியியலை எளிமைப்படுத்தலாம் என்னும் நம்பிக்கையை அத்தலைப்பே உணர்த்துகின்றது. 1934இல் திருநெல்வேலியில் தோன்றிய சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் இப்பணியை மேலும் விரிவாக மேற்கொண்டது. 1936இல் சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் அது நடத்திய சொல்லாக்க மாநாட்டுக்குச் சுவாமி விபுலாநந்தர் தலைமை தாங்கினார். ஈழத்துத் தமிழறிஞரான அவர், துறவு பூணுமுன் வேதியியலில் பட்டயம் பெற்று அத்துறையைக் கற்பித்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. மாநாட்டின் பயனாகக் 'கலைச்சொற்கள்' என்னும் தொகுப்பு 1938இல் வெளிவந்தது. 1940இல் சென்னை அரசு சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அமைத்த குழு வடசொற்களின் பக்கம் சாய்ந்ததும், அதற்குத் தமிழறிஞர் கடும் எதிர்ப்புத் தெரிவித்ததும் சொல்லாக்க வரலாற்றின் அடுத்த அத்தியாயம்.

நாட்டு விடுதலைக்குப் பின்னர் இலங்கையும் தமிழகமும் தனித்தனியே கலைச்சொற்களை வகுத்தன. இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களம் 1950களில் துறைதோறும் சொற்றொகுதிகளை வெளியிட்டது. தமிழகத்தில் பாடநூல் நிறுவனமும் பல்கலைக்கழகங்களும் இப்பணியை ஆற்றின. இதன் விளைவாக இரு வழக்குகள் நிலைபெற்றன. தமிழகத்து வேதியியல் இலங்கையில் இரசாயனவியல்; தனிமம் ஆங்கு மூலகம்; சேர்மம் ஆங்குச் சேர்வை; படிகம் ஆங்குப் பளிங்கு; ஆக்சிஜன் ஆங்கு ஒட்சிசன்; கரைபொருள் ஆங்குக் கரையம்.

இவ்வேறுபாடுகளுக்கு இடையே ஓர் ஒற்றுமையை நாம் காண்கிறோம். கலவை இரு நாட்டிலும் கலவையே. கரைசல் இரு நாட்டிலும் கரைசலே. கரைப்பான், வடிகட்டல், ஆவியாதல் என்பனவும் அவ்வாறே. தனிமம், மூலகம் போன்றவை அறிஞர் அவையில் பிறந்தவை; அவை பிறந்த அவைக்கேற்ப வேறுபட்டன. கலவையும் கரைசலும் அடுக்களையிலும் வயலிலும் கொத்தனாரின் பணியிடத்திலும் முன்னரே வழங்கிய வினைகளின் வழிப்பட்டவை; ஆதலின் எந்தக் குழுவும் அவற்றை மாற்ற முற்படவில்லை. கரைபொருளுக்கும் கரையத்துக்கும் இடையே மட்டும் பிரிவு நேர்ந்தமைக்கும் இதுவே காரணம் எனக் கருதலாம். நீரில் கரைந்து கிடக்கும் பொருளுக்கென ஒரு தனிப்பெயர் இல்லத்தரசிக்குத் தேவைப்படவில்லை; உப்பு அவருக்கு உப்பே. எனவே, அவ்விடத்தில் புலவர் புதிதாகப் படைக்க வேண்டியதாயிற்று. இரு இடத்துப் புலவரும் இருவேறு ஈறுகளைத் தெரிந்தனர். ஆயினும் வேர்ச்சொல்லை இரு சாராரும் கைவிடவில்லை.

மலேசிய, சிங்கப்பூர் வகுப்பறைகளில்

மலாயாவில் 1816இல் பினாங்கு பிரீ ஸ்கூலில் தமிழ் வகுப்பு தொடங்கியது முதல் தமிழ்க்கல்வியின் வரலாறு கணிக்கப்படுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டங்களில் பெருகிய பள்ளிகளில் எழுத்தும் வாசிப்பும் கணக்குமே முதன்மை பெற்றன. எனினும் அப்பிள்ளைகள் கலவை, கரைசல் பற்றிய நடைமுறை அறிவுக்கு நடுவே வாழ்ந்தனர். ரப்பர் மரத்திலிருந்து சேகரித்த பால் வடிகட்டப்பட்டு, நீர் சேர்க்கப்பட்டு, ஃபார்மிக் அமிலம் போன்ற அமிலத்தால் உறையவைக்கப்பட்டுத் தகடாயிற்று. பாலில் உள்ள ரப்பரின் அளவை அறிய மெட்ரோலக் என்னும் மிதவைக் கருவி பயன்பட்டது. கிரகாம் வகுத்த கூழ்மத்துக்கு மரப்பாலைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு அரிது. தோட்டத் தொழிலாளியின் வருமானமே ஒரு கலவையில் நீர் எவ்வளவு, ரப்பர் எவ்வளவு என்னும் கணக்கோடு தொடர்புடையதாக இருந்தது. அவர்தம் பிள்ளைகளுக்கு இப்பாடம் நூலுக்கு வெளியிலேயே காத்திருந்தது எனின் மிகையாகாது.

தொடக்கப்பள்ளி அறிவியலை மனப்பாடத்திலிருந்து செயலுக்கு மாற்றும் முயற்சி 1960களில் உலகளாவியதாயிற்று. 1957இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியபின் அமெரிக்காவிலும், 1964இல் தொடங்கிய நஃபீல்டு இளையோர் அறிவியல் திட்டத்தின் வழி இங்கிலாந்திலும் புதிய பாடத்திட்டங்கள் எழுந்தன. அமெரிக்கத் திட்டமொன்றில், தோற்றத்தால் ஒத்த வெண்பொடிகள் சிலவற்றை மாணவர் கையில் கொடுத்து, எது நீரில் கரைகிறது, எது கரையவில்லை என அவர்களே சோதித்து இனங்காணச் செய்தனர். உப்பு, சர்க்கரை, மாவு ஆகியவை ஆய்வுப்பொருள்களாயின.

மலேசியாவில் 1983இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த கே.பி.எஸ்.ஆர். கலைத்திட்டத்தில், மேல்நிலை ஆண்டுகளுக்கு அறிவியல், வரலாறு, புவியியல் ஆகியவற்றை இணைத்த 'ஆலாம் டான் மனுசியா' என்னும் பாடம் அமைந்தது. 1990களின் நடுப்பகுதியில் அறிவியல் மீண்டும் தனிப்பாடமாயிற்று. உற்றறிதல், வகைப்படுத்துதல், ஊகித்தல், முன்அனுமானித்தல் போன்ற அறிவியல் செயற்பாங்குத் திறன்கள் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களின் அன்றாடச் சொற்களாயின. 2021இல் அகற்றப்படும்வரை யு.பி.எஸ்.ஆர். தேர்வும் இச்சொற்களைப் பரப்பியது.

2003இல் இவ்வளர்ச்சியில் ஓர் இடைமுறிவு நேர்ந்தது. பி.பி.எஸ்.எம்.ஐ. என்னும் கொள்கையின்படி அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படலாயின. தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டிலும் இம்மாற்றம் வந்தது. 2009 ஜூலையில் இக்கொள்கையைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. 2011இல் முதலாம் ஆண்டில் தொடங்கிய கே.எஸ்.எஸ்.ஆர். கலைத்திட்டம் தமிழ்ப்பள்ளிகளில் அறிவியலை மீண்டும் தமிழுக்குக் கொணர்ந்தது. 2003 முதல் 2010 வரை எட்டு அணி மாணவர் அறிவியலை ஆங்கிலத்தில் தொடங்கினர். ஆசிரியரும் அவ்வாண்டுகளில் கரைசலை விடுத்து ஆங்கிலச் சொல்லையே கரும்பலகையில் எழுதினர். 2016இல் அறிமுகமான இருமொழிப் பாடத்திட்டம் இவ்விவாதத்தை மீண்டும் எழுப்பியது.

சிங்கப்பூரின் பாதை வேறு. 1946இல் தோன்றிய உமறுப் புலவர் தமிழ்ப்பள்ளி, உயர்நிலை வகுப்புகளும் கொண்டு விளங்கிப் பின்னர் 1980களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. 1987இல் எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதன்மைப் பயிற்றுமொழியாயிற்று. இன்று அங்குள்ள தமிழ் மாணவர் தொடக்கநிலை மூன்றில் அறிவியலை ஆங்கிலத்திலேயே பயில்கின்றனர். 'கரைசல்' என்னும் சொல் அவர்களுக்குத் தமிழ்மொழி வகுப்பில் எதிர்ப்பட்டால் மட்டுமே உண்டு.

'கரைதல்' சுமக்கும் பொருள்கள்

இல்லத்திலிருந்து வந்த சொல் இல்லத்துப் பொருளையும் உடன் கொணர்கின்றது. 'கரைதல்' என்பதைத் தமிழர் எவ்வெவ்விடத்தில் வழங்குகின்றனர் எனத் தொகுத்துப் பார்த்தால் நான்கு பொருள்கள் புலனாகின்றன.

முதலாவது, உப்பும் சர்க்கரையும் நீரில் கரைதல். அறிவியல் கொள்வது இதனையே. இரண்டாவது, மாவு கரைத்தல், சந்தனம் கரைத்தல், நீர்நிலையில் அஸ்தி கரைத்தல் போன்றவை. இவற்றில் பொருள் நீரில் பரவுகிறதே ஒழியப் பெரும்பாலும் கரைவதில்லை. சிறிதுநேரம் அசையாமல் வைத்தால் மாவு அடியில் படிந்துவிடும். மூன்றாவது, 'ஐஸ் கரைந்துவிட்டது' என்னும் வழக்கு. இது உருகுதலேயன்றிக் கரைதல் அன்று. நான்காவது, 'சொத்து கரைந்தது', 'உடம்பு கரைந்துபோயிற்று' என்பன. இங்குக் கரைதலுக்குக் குறைந்து இல்லாமற்போதல் என்பதே பொருள்.

இந்நான்காம் பொருளே ஆசிரியரின் கவனத்துக்கு முதன்மையாக உரியது. பியாஜேயும் இன்ஹெல்டரும் 1941இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரைக் கட்டியை நீரில் இட்டு, அது கரைந்தபின் என்னவாயிற்று எனச் சிறாரை வினவினர். இளஞ்சிறார் சர்க்கரை மறைந்துவிட்டது, சுவை மட்டுமே எஞ்சியுள்ளது, அதுவும் பின்னர்ப் போய்விடும் என்றனர். சற்று வளர்ந்தோர் சர்க்கரை உள்ளே இருக்கிறது என ஒப்பினர். ஆயின் அதற்கு எடை உண்டு என ஏற்கவில்லை. பொருள், எடை, பருமன் ஆகியவை அழிவதில்லை என்னும் தெளிவு ஒன்றன்பின் ஒன்றாகவே வந்தது. பொருள் அழியாமை ஏழு, எட்டு வயதில் புலப்படுவதாக அவர்கள் கண்டனர். நம் மாணவர் இப்பாடத்தைப் பயிலும் வயதும் அதுவே.

அவ்வெல்லையில் நிற்கும் மாணவனிடம் 'சர்க்கரை கரைந்துபோய்விட்டது' என ஆசிரியர் கூறுவாராயின், 'போய்விட்டது' என்னும் துணைவினை அவன் மனத்தில் உள்ள தவற்றை உறுதிசெய்துவிடும். 'சர்க்கரை நீரில் கரைந்துள்ளது' என்பது அதே நிகழ்ச்சியைக் கூறும். ஆனால் பொருள் அங்கேயே இருப்பதையும் உணர்த்தும். ஒரு துணைவினையின் தேர்வில் ஒரு அறிவியற் கருத்து நிற்கவோ வீழவோ கூடும். இதனை உணர்த்தத் தக்கவர் தமிழாசிரியரே.

இவ்விடர் தமிழுக்கு மட்டும் உரியது அன்று. ஆங்கிலம் பேசும் சிறாரும் சர்க்கரை 'உருகிவிட்டது' என்று கூறுவதை ஆய்வாளர் பலர் பதிவு செய்துள்ளனர். ஆதலின், ஆங்கிலத்துக்கு மாறினால் இவ்விடர் நீங்கும் எனக் கருதுவதற்கு இடமில்லை. மாறாக, சிறுவன் வீட்டில் கேட்ட சொல்லும் வகுப்பில் கேட்கும் சொல்லும் ஒன்றாக இருக்கும்போது, அச்சொல்லின் பல பொருள்களை எடுத்துப் பிரித்துக் காட்டுதல் எளிது. புளி கரைத்த நீரையும் உப்புநீரையும் இரு கண்ணாடிக் குவளைகளில் வைத்து, எது தெளிகிறது, எது தெளியாமலேயே தெளிவாக உள்ளது எனக் காட்டினால் சொல்லே பாடமாகிவிடும்.

'கலவை'க்கும் இத்தகைய கவனம் வேண்டும். கொத்தனார் குழைக்கும் சிமெண்டுக் கலவை இறுகியபின் அதிலிருந்து சிமெண்டை மீண்டும் பிரித்தெடுக்க இயலாது. அங்கு வேதியியல் மாற்றம் நிகழ்ந்துவிடுகின்றது. வழக்கில் கலவை எனப்படுவது அனைத்தும் அறிவியலில் கலவையாக நிலைப்பதில்லை என்பதை மேல்நிலை மாணவருக்கு இதன்வழி விளக்கலாம்.

அதே வேளையில், புலவர் படைத்த 'கரைபொருள்' என்னும் சொல்லின் அருமை பாராட்டத்தக்கது. அது வினைத்தொகை. கரைந்த பொருள், கரைகின்ற பொருள், கரையும் பொருள் என முக்காலமும் அதனுள் அடங்கும். மூன்று காலத்திலும் 'பொருள்' என்னும் பெயர் மாறாமல் நிற்கின்றது. பியாஜே சிறாரிடம் தேடிய தெளிவை இச்சொல் தன் இலக்கண அமைப்பிலேயே கொண்டுள்ளது.

மும்மொழியும் ஒரு வேரும்

மலேசியத் தமிழ்ப்பள்ளி மாணவர் ஆறாம் ஆண்டுக்குப் பின்னர் தமிழ்வழி அறிவியலைத் தொடர்வதில்லை. இடைநிலைப்பள்ளியில் கலவை 'சம்புரான்' ஆகின்றது. கரைசல் 'லாருத்தான்' ஆகின்றது. அங்ஙனமாயின் ஆறாண்டு மட்டும் பயன்படும் சொற்களை எதற்காகக் கற்பிக்க வேண்டும் என்னும் வினா பெற்றோரிடையே எழுவதுண்டு. அதனைத் தட்டிக்கழிப்பது முறையன்று.

இதற்குரிய விடையைச் சொல்லமைப்பிலேயே காணலாம். மலாயில் 'லாருட்' என்னும் வேரிலிருந்து கரைசலுக்கு 'லாருத்தான்', கரைப்பானுக்குப் 'பெலாருட்' என்னும் சொற்கள் பிறக்கின்றன. ஆங்கிலச் சொற்களான சொல்யூஷன், சால்வெண்ட், சொல்யூட் மூன்றும் தளர்த்துதல், அவிழ்த்தல் என்னும் பொருளுடைய ஓர் இலத்தீன் வேரின் கிளைகள். தமிழிலும் கரைசல், கரைப்பான், கரைபொருள் ஆகியன ஒரே வேரின. விளைவு, வினைமுதல், வினைக்கு உட்படுவது என்னும் இவ்வமைப்பைத் தாய்மொழியில் உணர்ந்த மாணவன், பிறமொழிச் சொற்களைத் தனித்தனியே மனனம் செய்ய வேண்டியதில்லை. முன்னரே அறிந்த ஓர் அமைப்புக்குப் புதுப்பெயர் இட்டுக்கொள்கிறான். தமிழில் இப்பாடத்தின் ஆயுள் ஆறாண்டே ஆயினும், கருத்து வேரூன்றும் ஆறாண்டு அதுவே.

இடர் ஆசிரியர் பக்கத்தில் உள்ளது. இன்றைய இளம் ஆசிரியர் இடைநிலைப்பள்ளி முதல் கல்லூரி வரை அறிவியலை மலாயிலோ ஆங்கிலத்திலோ பயின்றவர். அவருள் ஒரு பகுதியினர் 2003க்குப் பின் தொடக்கப்பள்ளியிலும் தமிழில் அறிவியல் பயிலாதவர். அவருக்குக் கரைபொருள் என்பது கைந்நூலில் முதன்முறையாகக் காணும் சொல். அவரிடம் சொற்பட்டியலை மட்டும் அளிப்பது போதாது. அச்சொல் ஏன் அவ்வாறு அமைந்தது என்னும் வரலாற்றையும் அளித்தல் வேண்டும்.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. கலவைக்கும் சேர்மத்துக்கும் உள்ள வேறுபாடு ஐரோப்பிய அறிஞர் நெடுங்காலம் வாதிட்டுப் பெற்றது; ஆகவே மாணவர் அதில் தடுமாறுதல் இயல்பு. தமிழில் மக்கள் வழக்கிலிருந்து கொள்ளப்பட்ட கலவை, கரைசல் ஆகிய சொற்கள் நாட்டெல்லை கடந்து ஒன்றாக நிலைபெற்றன. அவையில் படைக்கப்பட்ட சொற்கள் பலவாறு பிரிந்தன. மக்கள் வழக்குச் சொல் தன் பழம்பொருள்களையும் சுமந்துவரும். அவற்றை வகுத்துக் காட்டுதல் ஆசிரியர் கடன்.

ஆசிரியர் பயிற்சிக் கழகங்களில் அறிவியலும் தமிழும் தனித்தனிப் பிரிவுகளாகவே கற்பிக்கப்படுகின்றன. கரைதல் என்னும் ஒரு வினையை முன்னிட்டேனும் இவ்விரு பிரிவினரும் கூடி அமர்ந்து, தொடக்கப்பள்ளி அறிவியலின் அடிப்படைச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் அதன் வழக்குப்பொருள், அறிவியற்பொருள், வகுப்பறையில் தவிர்க்க வேண்டிய தொடர் ஆகியவற்றைத் தொகுத்தல் வேண்டும். பெரும் பொருட்செலவு வேண்டாத பணி அது. இரண்டாம் ஆண்டு வகுப்பில் நிற்கும் ஆசிரியருக்கு அத்தகையதொரு சிறு கையேடு மிக்க பயன் தரும்.